பேரப்பிள்ளையைப் பார்க்க நீதிமன்றப் படியேறும் தாத்தா பாட்டிகள்

குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்கு நடத்தும் என்னைத் தேடி வருகிறவர்கள் எல்லோரும் கணவனோ மனைவியோ அல்லர். அறுபது வயதைக் கடந்த தாத்தா பாட்டிகளும் வருகிறார்கள். மகன் இறந்தபின் மருமகள் குழந்தையோடு தாய்வீடு போய்விட்டாள் என்றோ, மகள் இறந்தபின் மருமகன் வீட்டு வாசலில்கூட நிற்க விடுவதில்லை என்றோ சொல்லிவிட்டு, கடைசியில் எல்லோரும் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள்: "எங்க பேரனைப் பார்க்க எங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கா இல்லையா, வக்கீலம்மா?"

இதற்கு ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. தாத்தா பாட்டிக்குப் பேரப்பிள்ளையைச் சந்திக்கும் உரிமை உண்டு என்று தனியே ஒரு பிரிவு நம் நாட்டுச் சட்டப் புத்தகங்களில் இல்லை. ஆனாலும் அவர்கள் மனுத் தாக்கல் செய்ய முடியும். நீதிமன்றம் அதை விசாரித்து, தகுதி இருந்தால் உத்தரவும் இட முடியும். அந்த உத்தரவு எதன் பெயரால் கிடைக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. தாத்தாவின் பாசத்துக்காகவோ பாட்டியின் கண்ணீருக்காகவோ அது கிடைப்பதில்லை. அந்தக் குழந்தைக்குத் தன் தாத்தா பாட்டியோடு உறவு தொடர்வது நல்லது என்று நீதிபதி நம்பினால் மட்டுமே கிடைக்கிறது. அப்படி இருப்பதே சரி என்பது என் கருத்து. அதே வேளையில், குழந்தையின் அந்த நலனைச் சட்டம் வெளிப்படையாக எழுதி வைக்காமல் ஒவ்வொரு நீதிபதியின் மனப்போக்குக்கும் விட்டிருப்பது பெரிய குறை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சட்டம் மௌனமாக இருக்கும் இடத்தைப் பாருங்கள். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், தந்தைக்கு முன்பே இறந்துவிட்ட மகனின் பிள்ளைகள் முதல் வகுப்பு வாரிசுகள். உயில் எழுதாமல் தாத்தா இறந்தால், இறந்த மகனுக்குரிய பங்கு பேரனுக்கும் பேத்திக்கும் வந்து சேரும். அதே ஆண்டில் வந்த இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், கையில் மூதாதையர் சொத்து இருக்கும் மாமனார், பிழைக்க வழியில்லாத விதவை மருமகளுக்கு அவள் மறுமணம் செய்யும்வரை ஜீவனாம்சம் தரக் கடமைப்பட்டவர் என்கிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி, தாத்தாவோ பாட்டியோ பராமரிப்புத் தொகை கேட்டுப் பேரன்மீதுகூட மனுப் போடலாம். ஆனால் அந்தச் சட்டத்தில் பிள்ளைகள் என்ற சொல்லுக்குள் மைனர்கள் வரமாட்டார்கள். ஆக, சொத்து கைமாறும்போதும், பேரன் பதினெட்டு வயதைக் கடந்தபின்பும் சட்டம் இந்த உறவை அடையாளம் காண்கிறது. மடியில் உட்கார வேண்டிய வயதில் மட்டும் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. இந்து இளவர் மற்றும் காப்பாளர்மைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவும் இயற்கைக் காப்பாளர் யார் என்று வரிசை சொல்லும்போது தந்தை, அவருக்குப் பின் தாய் என்று நிறுத்திக்கொள்கிறது. இசுலாமியர் சட்டத்தில் நிலைமை சற்று வேறு. ஹனஃபி மரபில் சிறு குழந்தையை வைத்து வளர்க்கும் உரிமை தாய்க்கு அடுத்தபடியாகத் தாயின் தாய்க்கே போகிறது.

இத்தனை மௌனத்துக்கு நடுவிலும் வழி இருக்கிறது. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நல நீதிமன்றங்கள் சட்டம், 7-ஆம் பிரிவின் விளக்கத்தில், இந்நீதிமன்றம் விசாரிக்கக்கூடிய வழக்குகளை வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசையில் உள்ள பல இனங்கள் திருமண பந்தத்தில் இருக்கும் இருவருக்கு இடையிலான வழக்குகள். ஏழாவது இனம் அப்படி எழுதப்படவில்லை. மைனரின் காப்பாளர்மை, மைனரை வைத்திருப்பது, மைனரைச் சந்திப்பது ஆகியவை தொடர்பான எந்த வழக்கும் என்று பொதுவாகவே எழுதப்பட்டிருக்கிறது. வழக்குப் போடுகிறவர் தாயாகவோ தந்தையாகவோ இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. இதோடு 1890-ஆம் ஆண்டின் கார்டியன் சட்டத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நீதிமன்ற வளாகத்தில் நாங்கள் ஜி.டபிள்யூ.ஓ.பி. என்று சொல்லும் மனு இந்தச் சட்டத்தின் கீழ் போடப்படுவதுதான். அதன் 17-ஆம் பிரிவு, குழந்தையின் வயது, காப்பாளராக வர விரும்புகிறவரின் குணம், குழந்தையோடு அவருக்குள்ள உறவின் நெருக்கம், இறந்துபோன தாய் தந்தையரின் விருப்பம் ஆகியவற்றை எடைபோடச் சொல்கிறது. யோசித்துச் சொல்லும் வயது வந்திருந்தால் குழந்தையின் விருப்பத்தையும் கேட்கலாம் என்கிறது. இந்துக்களைப் பொறுத்தவரை, முன்பு சொன்ன இந்து இளவர் மற்றும் காப்பாளர்மைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு இவற்றுக்கெல்லாம் மேலாக மைனரின் நலனை வைத்துவிட்டது.

இந்தப் பாதையில் தாத்தா பாட்டிகள் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றதும் உண்டு. பெரும்பாலும் அவை சந்திப்புக்கான வழக்குகள் அல்ல, குழந்தையையே தம்மிடம் வைத்துக்கொள்வதற்கான வழக்குகள். 2008-இல் மேற்கு வங்கத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், மகளின் மரணத்துக்காக மருமகன்மீது வரதட்சணைக் கொடுமை வழக்கு நிலுவையில் இருந்தது. தந்தைதான் இயற்கைக் காப்பாளர் என்ற காரணத்தைச் சொல்லி, கீழ் நீதிமன்றங்கள் சிறுவனைத் தந்தையிடம் ஒப்படைக்கச் சொல்லியிருந்தன. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அந்தச் சிறுவனையே வரவழைத்துப் பேசினார்கள். தந்தையிடம் போக விருப்பமில்லை என்று அவன் சொன்னான். அவனை அதுவரை யாரும் கேட்கவில்லை என்பதையே ஒரு குறையாகக் குறித்து, தாய்வழித் தாத்தா பாட்டிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 2022-இல் குஜராத்திலிருந்து ஒரு வழக்கு. கொரோனா இரண்டாம் அலையில் தாயையும் தந்தையையும் இழந்த சிறுவனைச் சித்தியிடம் கொடுப்பதா, தந்தையின் பெற்றோரிடம் கொடுப்பதா என்பது கேள்வி. சித்திக்கு அரசு வேலை இருந்தது, வயதும் குறைவு. தாத்தாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. உயர் நீதிமன்றம் சித்தி பக்கம் சாய்ந்தது. வயதையும் வருமானத்தையும் மட்டும் வைத்துப் பேரனைப் பிரிக்க முடியாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அவனைத் தாத்தா பாட்டியிடம் கொடுத்தது.

இந்தத் தீர்ப்புகளைச் செய்தித்தாளில் படித்துவிட்டு, அதையே கத்தரித்து எடுத்துக்கொண்டு வருகிறவர்களிடம் நான் ஒரு வேறுபாட்டைப் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கிறது. அந்த வழக்குகளில் பெற்றோரில் ஒருவரோ இருவருமோ உயிரோடு இல்லை. இருந்தவரின் தகுதியிலும் கேள்வி இருந்தது. குழந்தையை நன்றாக வைத்துக்கொண்டிருக்கும் ஒரு தாயிடமிருந்து வாரம் இரண்டு மணி நேரம் கேட்பது முற்றிலும் வேறு வகையான வழக்கு. அங்கே எதிரில் நிற்பவர் குற்றம் செய்தவர் அல்லர்.

என் கட்சிக்காரர்களாக வந்த ஒரு முதிய தம்பதியின் மனுவைச் சொல்ல வேண்டும். அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன். மகன் சாலை விபத்தில் இறந்துபோனான். மருமகள் நான்கு வயது மகனோடு பக்கத்து மாவட்டத்தில் உள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். விபத்து இழப்பீட்டுத் தொகையில் யாருக்கு எவ்வளவு என்பதில் இரு வீட்டுக்கும் பேச்சு முறிந்திருந்தது. எல்லா ஞாயிற்றுக்கிழமையும் பேரன் வேண்டும், மே மாத விடுமுறை முழுவதும் வேண்டும் என்பது தாத்தாவின் கோரிக்கை. எதிர்மனு வந்தது. அதில் இழப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. துக்க வீட்டில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே மாமனார், "உங்கம்மா வந்த நேரம்தான்டா உங்கப்பனைக் கொண்டுபோச்சு" என்று சொன்னதாகவும், அந்தச் சொல்லைப் பிள்ளை மறுபடியும் கேட்டு வளரக் கூடாது என்பதைத் தவிர வேறு ஆட்சேபம் இல்லை என்றும் மருமகள் எழுதியிருந்தாள். அதை நான் வாசித்துக் காட்டியபோது பெரியவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொன்னாரும்மா. நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார் அந்த அம்மா.

வழக்கு அங்கேயே திசை மாறியது. சமரச மையத்தில் உட்கார்ந்து பேசியபின் வந்த ஏற்பாடு இது: இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் மையத்திலேயே இரண்டு மணி நேரம் சந்திப்பு, தாய் பக்கத்து அறையில் இருப்பாள், மரணத்தைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் தாயைப் பற்றியும் குழந்தையிடம் பேசக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையை எழுத்திலேயே வைக்க வேண்டும் என்று கேட்டவர் பாட்டிதான். முதல் சந்திப்பில் பையன் தாயின் சேலை முந்தானையை விடவில்லை. பாட்டி அவனைக் கூப்பிடவில்லை. தரையில் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த அவித்த கடலையை உரித்து ஒரு தட்டில் போட்டுக்கொண்டே இருந்தார். சற்று நேரத்தில் பையன் வந்து எதிரில் உட்கார்ந்து, தோல்களைத் தனியே ஒதுக்கிக் குவிக்கத் தொடங்கினான். பெரியவரும் மெல்லக் கீழே இறங்கி உட்கார்ந்தார். சில மாதங்களுக்குப் பிறகு மருமகளே மையம் வேண்டாம், வீட்டுக்கே வரட்டும் என்று சொல்லிவிட்டாள். மே மாத விடுமுறை மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. அதை அவள் மறுத்தது நியாயம்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

இந்தக் கேள்வியை மிக ஆழமாக விசாரித்த தீர்ப்பு ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. டிராக்ஸல் எதிர் கிரான்வில் என்ற அந்த வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் தீர்ப்பளித்தது. வாஷிங்டன் மாநிலத்தில் திருமணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்த ஒரு இணைக்கு இரண்டு பெண் குழந்தைகள். இருவரும் பிரிந்தபின் தந்தை தன் பெற்றோர் வீட்டில் இருந்தார். வார இறுதிகளில் குழந்தைகள் அங்கே வந்து போனார்கள். 1993-இல் தந்தை தற்கொலை செய்துகொண்டார். அதன்பிறகும் வருகை சில மாதங்கள் தொடர்ந்தது. பிறகு தாய், மாதம் ஒருமுறை சிறிது நேரம் போதும் என்று குறைத்தார். தாத்தா பாட்டி நீதிமன்றம் போனார்கள். மாதம் இரண்டு வார இறுதிகள் இரவுத் தங்கலோடும், கோடையில் இரண்டு வாரங்களும் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. விசாரணை நீதிமன்றம் மாதம் ஒரு வார இறுதி, கோடையில் ஒரு வாரம், தாத்தா பாட்டி இருவரின் பிறந்தநாளன்றும் நான்கு மணி நேரம் என்று உத்தரவிட்டது. தாய் சந்திப்பை முழுவதுமாக ஒருபோதும் மறுக்கவில்லை என்பதை இங்கே மறக்கக் கூடாது. எவ்வளவு, எப்படி என்பதில்தான் சண்டை.

வாஷிங்டன் மாநிலச் சட்டம், எவர் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் சந்திப்பு உரிமை கேட்கலாம், குழந்தைக்கு நல்லது என்று நீதிபதி கருதினால் கொடுக்கலாம் என்று அகலமாக எழுதப்பட்டிருந்தது. விசாரணை நீதிபதி தன் காரணங்களைச் சொல்லும்போது, சிறுவயதில் தாமும் தாத்தா பாட்டி வீட்டில் ஒரு வாரம் போய்த் தங்கியதையும் அது இனிமையாக இருந்ததையும் நினைவுகூர்ந்தார். உச்ச நீதிமன்றத்தின் முதன்மைக் கருத்தை எழுதிய நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் கண்ட குறை இதற்குள்தான் இருந்தது. தகுதியுள்ள ஒரு தாய் தன் குழந்தைகளுக்கு எது நல்லது என்று எடுத்த முடிவுக்கு விசாரணை நீதிமன்றம் தனி எடை எதுவும் கொடுக்கவில்லை. எது நல்லது என்பதில் தாய்க்கும் நீதிபதிக்கும் கருத்து வேறுபட்டது, நீதிபதியின் கருத்து வென்றது, அவ்வளவுதான் நடந்திருந்தது. குழந்தையை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளும் பெற்றோரின் தீர்மானத்தில் அரசு அப்படி நுழைய அரசமைப்புச் சட்டம் இடம் தராது என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தாத்தா பாட்டியின் கோரிக்கை தள்ளுபடியானது. மறுத்து எழுதிய நீதிபதிகளில் ஒருவரான ஜான் பால் ஸ்டீவன்ஸ், பெற்றோருக்கும் மூன்றாம் நபருக்கும் இடையிலான இழுபறியாக மட்டும் இதைப் பார்த்தால், தான் நேசிக்கும் உறவுகளைக் காப்பாற்றிக்கொள்வதில் குழந்தைக்கு உள்ள அக்கறை காணாமற்போகும் என்ற பொருளில் எழுதினார். எனக்கு இரண்டும் சரியாகவே படுகின்றன. தாயின் முடிவுக்கு எடை வேண்டும். அந்த எடை, குழந்தையின் இழப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் மூடிவிடவும் கூடாது. 2018-இல் வாஷிங்டன் மாநிலம் புதிதாக இயற்றிய சட்டம் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் வந்து நின்றது. குழந்தையோடு ஏற்கெனவே தொடர்ந்த, ஆழமான உறவு இருந்திருக்க வேண்டும்; பெற்றோரின் முடிவு சரியானது என்ற அனுமானத்தோடுதான் விசாரணை தொடங்கும்; சந்திப்பை மறுத்தால் குழந்தைக்குத் தீங்கு நேரும் என்பதை மனுதாரரே நிரூபிக்க வேண்டும்.

வேறு நாடுகள் வேறு வழியில் போயிருக்கின்றன. இங்கிலாந்தில் 1989-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி தாத்தா பாட்டி பொதுவாக முதலில் நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற்ற பிறகுதான் மனுவே போட முடியும். பிரான்சின் சிவில் சட்டத் தொகுப்பு, 371-4-ஆம் உறுப்பில், தன் தாத்தா பாட்டியோடு நேரடி உறவு வைத்துக்கொள்ளும் உரிமை குழந்தைக்கு உண்டு என்றும், குழந்தையின் நலன் ஒன்றே அதற்குத் தடையாக முடியும் என்றும் சொல்கிறது. உரிமையைக் குழந்தையின் கையில் வைத்த அந்த வாக்கிய அமைப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு தொடக்கம் இருந்தது. நீதிபதி ஏ.பி.ஷா தலைமையிலான இந்தியச் சட்ட ஆணையம் 2015-ஆம் ஆண்டு மே மாதம் அளித்த 257-ஆவது அறிக்கை, காப்பாளர்மைச் சட்டங்களைத் திருத்தும்படி பரிந்துரைத்தது. கூட்டாகக் குழந்தையை வளர்ப்பது, சமரசம், வளர்ப்புத் திட்டம் ஆகியவற்றோடு, தாத்தா பாட்டிக்கான நேரம் என்பதையும் அது தனியே எடுத்துப் பேசியது. அந்தப் பரிந்துரை இன்றும் அறிக்கையாகவே இருக்கிறது. 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓர் அத்தியாயமாக அது சேர்ந்திருந்தால், ஒரு மாவட்டத்தில் கிடைக்கும் உத்தரவு அடுத்த மாவட்டத்தில் கிடைக்காமல் போகும் நிலை வெகுவாகக் குறைந்திருக்கும்.

ஒரு வகை மனுவை மட்டும் நான் எடுத்துக்கொள்வதில்லை. மகனும் மருமகளும் சேர்ந்தே வாழ்கிறார்கள். இருவரும் சேர்ந்தே பெற்றோரை ஒதுக்கிவிட்டார்கள். பேரனைக் காட்டச் சொல்லி வழக்குப் போட வேண்டும் என்று வருகிறவர்களின் மனு அது. அவர்களின் வேதனை மற்றவர்களுடையதைவிடக் குறைந்ததில்லை; பல நேரங்களில் கூடுதல், ஏனெனில் கதவைச் சாத்தியது பெற்ற பிள்ளை. ஆனாலும் ஒன்றாக வாழும் தாயும் தந்தையும் கூடி எடுத்த ஒரு முடிவை, குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது என்ற குற்றச்சாட்டு இல்லாதபோது, நீதிமன்றம் கலைக்கக் கூடாது என்றே கருதுகிறேன். அப்படிப்பட்ட உத்தரவோடு வாசலில் போய் நிற்கும் தாத்தாவை அந்தக் குழந்தை எந்த முகத்தோடு வரவேற்கும்? அவர்களுக்கு நான் ஊரில் இருவருக்கும் பொதுவான ஒரு பெரிய மனிதரைத் தேடச் சொல்கிறேன்.

மற்றவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். மனுவைக் குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊருக்குரிய நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. மருமகள் கோயம்புத்தூரில் இருந்தால் திருநெல்வேலியில் போட்ட மனு நிற்காது. மகன் உயிரோடு இருந்து, விவாகரத்து வழக்கில் அவனுக்குச் சந்திப்பு நேரம் கிடைத்திருந்தால், தனி மனுவைவிட, அந்த நேரத்தில் தாத்தா பாட்டியும் உடனிருக்கலாம் என்ற ஒரு வரியை அதே உத்தரவில் சேர்க்கச் சொல்வது எளிது. மகன் வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்களில் இது மிகவும் பயன்படுகிறது. மனு போட்டவுடன் அதே 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின் கீழ் இடைக்கால உத்தரவும் கேட்கலாம். காலம் தாழ்த்தாதீர்கள். நான்கு வயதில் முகம் மறந்த குழந்தைக்கு ஏழு வயதில் நீங்கள் அந்நியர். அப்போது அந்தக் குழந்தையின் தயக்கமே உங்களுக்கு எதிரான சான்றாகிவிடும்.

குறைவாகக் கேளுங்கள் என்பதையும் அழுத்திச் சொல்வேன். காணொளி அழைப்பில் வாரத்துக்குச் சில நிமிடங்கள் என்பதுகூடப் பெரிய தொடக்கம். 2020-ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், நேரில் சந்திப்பதற்கு அப்பால் தொலைபேசி, காணொளி வழியாகப் பேசும் தொடர்பு உரிமையையும் அங்கீகரித்தது. அது குழந்தையைப் பிரிந்திருக்கும் பெற்றோரைப் பற்றிச் சொல்லப்பட்டதுதான் என்றாலும், அதே காரணத்தைத் தாத்தா பாட்டியின் மனுவிலும் நாங்கள் எடுத்து வைக்கிறோம். குழந்தையை நீங்கள் வளர்த்ததற்கான சான்றுகளைத் தேடி எடுங்கள்: தடுப்பூசி போட அழைத்துப் போன சீட்டு, பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் உள்ள கையெழுத்து, பழைய புகைப்படங்கள், கைபேசியில் கிடக்கும் குரல் பதிவுகள். சொத்து வழக்கின் நகல்களை இந்த மனுவோடு சேர்க்காதீர்கள். மருமகளைப் பற்றிய குறைகளால் மனுவின் பக்கங்களை நிரப்பும்போது, குழந்தை உங்களிடம் வந்தால் அதன் காதில் என்ன விழும் என்பதை நீதிபதிக்கு நீங்களே எழுதிக் கொடுத்துவிடுகிறீர்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்பதால் பின்வாங்கும் குடும்பங்களைப் பார்க்கிறேன். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12-ஆம் பிரிவில், பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்கிறது. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் இயங்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் வழக்கறிஞரை அவர்களே நியமிப்பார்கள்; 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். தாத்தாவுக்கு ஓய்வூதியம் வருகிறது, நிலம் இருக்கிறது என்பதெல்லாம் அங்கே தடையாகாது, பாட்டி தன் பெயரில் விண்ணப்பம் கொடுத்தால்.